மகள் சீன மருத்துவம் படிக்கட்டுமா? கிள்ளான் வாசகிக்குப் பதில்

கேள்வி: என் மகள் ஆரம்பப் பள்ளியைச் சீனப் பள்ளியில் படித்தவள். இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகும் சீனத்தை விடவில்லை, எஸ்.பி.எம். தேர்வில் அதையும் ஒரு பாடமாக எழுதினாள். இப்போது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டு, படித்தால் சீன மருத்துவம்தான் என்று நிற்கிறாள். "தமிழ்ப் பிள்ளை சின்சே (சீன வைத்தியர்) ஆகி யாருக்கு வைத்தியம் பார்க்கப் போகுது, அதுக்கு நம்ம சித்தா படிக்கலாமே" என்கிறார் அவள் அப்பா. இங்கே ஒரு மையத்தில் ஆறு மாதத்தில் அக்குபங்சர் (மெல்லிய ஊசி குத்தும் சிகிச்சை) டிப்ளமா தருகிறார்களாம், அதை முடித்தாலே கிளினிக் போடலாமாம். சீனாவுக்கு அனுப்பலாமா, இங்கேயே படிக்கட்டுமா? நாங்கள் சைவம். தேள், மண்புழு எல்லாம் மருந்து என்கிறார்களே, அவளால் முடியுமா? (ஒரு தாய், கிள்ளான், மலேசியா)

பதில்:

அன்புள்ள அக்கா,

அந்த ஆறு மாத டிப்ளமாவை முதலில் பேசி முடித்துவிடலாம். வேண்டாம். கிளினிக் போடலாம் என்று சொன்னவர் நம் நாட்டுச் சட்டத்தைப் படிக்காதவர், அல்லது படித்தும் மறைப்பவர். 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம், அதாவது சட்டம் 775, சீன மருத்துவத்தையும் பதிவு செய்து செய்ய வேண்டிய தொழிலாக ஆக்கிவிட்டது. 2021 மார்ச்சில் பதிவு தொடங்கியது, ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்களுக்குக் கொடுத்த அவகாசமும் 2024இல் முடிந்தது. இனிமேல் புதிதாக வருகிறவர் அங்கீகாரம் பெற்ற படிப்போடு வர வேண்டும், முதலில் தற்காலிகப் பதிவு, மேற்பார்வையில் பயிற்சி, அப்புறம்தான் முழுப் பதிவும் தொழில் நடத்தும் சான்றிதழும். சுவரில் மாட்டிய டிப்ளமாவைக் காட்டி ஊசி போடும் காலம் போய்விட்டது.

சட்டத்தை விடுங்கள், அந்த உடம்பை நினைத்துப் பாருங்கள். தோள்பட்டை மேட்டில் ஜியான்ஜிங் என்று ஊசி குத்தும் புள்ளி ஒன்று இருக்கிறது. கழுத்து வலி, தோள் வலி என்று வருகிற எல்லோரும் விரல் வைத்துக் காட்டுகிற இடமே அதுதான். நுரையீரலின் உச்சி அதற்கு நேர் கீழே இருக்கிறது. மெலிந்த ஆளுக்கு அந்த இடத்தில் ஊசியை நேராக ஆழமாக இறக்கினால் நுரையீரலைத் துளைத்து, காற்று கசிந்து, மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். எந்த உடம்புக்கு எவ்வளவு ஆழம், எந்தச் சாய்வு என்பதை விரல் தெரிந்துகொள்ள வருடங்கள் ஆகும். மருத்துவம் படிக்காத ஒருவர் முழு அக்குபங்சர் நிபுணராக வேண்டுமானால் 2,500 மணி நேரம் என்று உலக சுகாதார அமைப்பு 1999இலேயே வழிகாட்டி போட்டது, அதில் 1,000 மணி நேரத்துக்குக் குறையாமல் கைப்பயிற்சியும் நோயாளிகளோடு பயிற்சியும். வார இறுதி வகுப்புகளை ஆறு மாதம் கூட்டிப் பாருங்கள், கிட்டேகூட வராது.

சரி, முழுப் படிப்பு என்றால் என்ன? சீனாவிலும் இங்கேயும் ஐந்து வருடப் பட்டம். இது ஏதோ ஆயிரம் வருடமாக இப்படியே நடந்துவரும் கல்லூரிப் படிப்பு என்று நினைக்க வேண்டாம். நெடுங்காலம் தகப்பன் பிள்ளைக்கும் குரு சீடனுக்கும் சொல்லிக் கொடுத்ததுதான் வழி. 1929இல் அன்றைய சீன அரசின் சுகாதாரக் குழு பழைய மருத்துவத்தையே ஒழித்துவிடத் தீர்மானம் போட்டது, மார்ச் 17ஆம் தேதி ஷாங்காயில் வைத்தியர்கள் திரண்டு எதிர்த்தார்கள், திட்டம் நின்றுபோனது. அதற்குப் பின் 1956இல்தான் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்து என்று நான்கு ஊர்களில் அரசு சீன மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தது. பாடத்திட்டத்தின் இன்றைய வடிவம் அங்கிருந்து வந்ததுதான். அதனால் உங்கள் மகள் இன் யாங், நாடி, நாக்கு மட்டும் படிக்கப் போவதில்லை, உடற்கூறு, உடலியங்கியல், நோய்க்குறியியல், மருந்தியல், எக்ஸ்ரே பார்ப்பது எல்லாமே உண்டு. உயிரியலில் தட்டுத்தடுமாறித் தேறியவளாக இருந்தால் முதல் இரண்டு வருடம் திணறுவாள், இதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் மனப்பாடம். நூற்றுக்கணக்கான மூலிகைகள், ஒவ்வொன்றுக்கும் சுவை, குணம், எந்த உறுப்பு, எவ்வளவு கிராம். நூற்றுக்கணக்கான கூட்டு மருந்துகள், அவற்றைப் பாட்டாகவே பாடி உருப்போடுவார்கள். எந்த மருந்தோடு எந்த மருந்து சேரக்கூடாது என்பதற்கும் பாட்டு உண்டு, பதினெட்டு முரண்கள் என்று அதற்குப் பெயர். ஊசிப் புள்ளிகள் மட்டும் 360க்கு மேல். நான் குவாங்சோவில் படித்த காலத்தில் விடுதி வராந்தாவில் விடியற்காலையிலேயே ஆளுக்கொரு மூலையில் நின்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருப்போம், பக்கத்து அறைக்காரி தப்பாகச் சொன்னால் பல் துலக்கிக்கொண்டே திருத்துவாள்.

ஊசி பிடிக்கவும் உடனே விடமாட்டார்கள். மெல்லிய காகிதத்தைத் தடியாக மடித்து நூலால் இறுக்கிக் கட்டி, அதில் குத்திக் குத்திப் பழக வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உருட்டுகிற உருட்டில் ஊசி வளையாமல் நேராக இறங்கும்வரை காகிதம்தான். பிறகு சொந்தக் கால், முழங்காலுக்குக் கீழே சூசன்லி என்ற புள்ளி. பிறகு வகுப்புத் தோழியின் கை. தனக்கே வலித்துப் பார்த்தவள்தான் பிறருக்கு மெதுவாகப் போடுவாள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாடி பார்ப்பது இதைவிடக் கஷ்டம். ஆசிரியர் முதலில் நம்மைப் பார்க்கச் சொல்லுவார், மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து நமக்குத் தோன்றியதை எழுதுவோம், பிறகு அவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நாம் எழுதியதில் ஒரு எழுத்தை அடித்து வேறொன்று எழுதுவார். திரும்ப விரலை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே நோயாளியின் கையில் ஆசிரியரின் விரலுக்குப் பின்னால் நம் விரல் போக வேண்டும், திரும்பத் திரும்பப் போக வேண்டும். இந்தப் பயிற்சியைப் புத்தகத்திலோ வீடியோவிலோ வாங்க முடியாது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் காசு கொடுப்பது இதற்குத்தான்.

மூலிகைப் பக்கம் இன்னும் கவனம் வேண்டும், ஊசியைவிட மருந்துதான் ஆளைச் சத்தமில்லாமல் கெடுக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியும் சிகிச்சைக்குப் போன பெண்களுக்கு ஃபாங்ஜி என்ற சீன மூலிகை கலந்த மாத்திரை கொடுத்தார்கள். பையில் இருந்ததோ பெயரில் ஒத்த குவாங் ஃபாங்ஜி, அது அரிஸ்டலோக்கிக் அமிலம் உள்ள வேறொரு செடி. நூறுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் போனது, சிலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. பெயர் ஒத்த இரண்டு செடிகளைப் பிரித்துப் பார்க்காமல் விட்டதற்கு இவ்வளவு பெரிய விலை. நம் பக்கத்திலேயே இன்னொன்று சொல்கிறேன். பிறந்த குழந்தைக்கு உடம்புச் சூடு தணிய ஹுவாங்லியன் என்ற மூலிகையைக் கொடுக்கும் பழக்கம் சீனக் குடும்பங்களில் இருந்தது. ஜி6பி.டி. என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை முற்றிப்போவதில் அதற்குப் பங்கு இருக்கிறது என்று சிங்கப்பூர் 1978இல் அதைத் தடை செய்தது, பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தளர்த்தியது. ஃபூசு என்றொரு மருந்து உண்டு, நஞ்சுள்ள நம் வச்சநாபியின் இனம். உப்புக் கரைசலில் ஊறவைத்துப் பக்குவம் செய்தது என்றாலும் மற்ற மருந்துகளுக்கு முன்பே அதை மட்டும் நெடுநேரம் கொதிக்கவிட வேண்டும், அவசரப்பட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். நம் சித்த மருத்துவர் வச்சநாபியைச் சுத்தி செய்யாமல் தொடமாட்டார் இல்லையா, அதே பயம் இவளுக்கும் வர வேண்டும்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன், இங்கேயா சீனாவா. என்னைக் கேட்டால் நாடு இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி மொழி, அதோடு சேர்ந்தது அந்தக் கல்லூரிக்கு நோயாளிகள் நிறைய வருகிற ஒரு மருத்துவமனை சொந்தமாகவோ கூட்டாகவோ இருக்கிறதா என்பது.

மொழியில் உங்கள் மகள் பாதிக் கிணறு தாண்டியவள், ஆனால் மிச்சப் பாதிதான் ஆழம். சீனப் பல்கலைக்கழகங்கள் சீனம் வழிப் படிப்புக்குப் பெரும்பாலும் எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்வில் நான்காம் நிலையைக் கேட்கும். எஸ்.பி.எம். சீனத்தோடு போகிறவளுக்கு அது பெரிய மலை இல்லை. ஆனால் சுமார் 1,800 வருடத்துக்கு முன்னால் சாங் சோங்ஜிங் எழுதிய ஷாங்ஹான் லுன் என்ற மருத்துவ நூலைப் படிக்கும்போது அது இன்றைய சீனமே இல்லை. அதற்கென்றே பழஞ்சீன மருத்துவ மொழி என்று தனிப் பாடம் வைத்திருக்கிறார்கள், உள்ளூர்ப் பிள்ளைகளே தலையில் கை வைப்பார்கள். இவ்வளவு சிரமம் எதற்கு, ஆங்கிலத்தில் படித்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். மலேரியா மருந்துக்காக 2015இல் நோபல் பரிசு வாங்கிய து யூயூவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் படித்தது நவீன மருந்தியல், பிறகு இரண்டரை வருடம் உட்கார்ந்து சீன மருத்துவத்தை முறையாகக் கற்றார். நான்காம் நூற்றாண்டில் கெ ஹோங் எழுதிய கைநூலில் ஒரு வரி, அந்தச் செடியைக் கொதிக்க வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடி என்று. அதைப் படித்தபோதுதான் சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்ற யோசனை அவருக்கு வந்தது, குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு பிரித்தார், மருந்து கிடைத்தது. மூலத்தைத் தானே படிக்கிற மருத்துவர் வேறு, யாரோ சுருக்கிக் கொடுத்ததைப் படிக்கிறவர் வேறு. உங்கள் மகளுக்குப் படிக்க வழி இருக்கிறது, அதை ஆங்கிலக் குறுக்குவழியில் வீணாக்காதீர்கள்.

சீனாவில் ஆங்கில வழி வகுப்புகளும் இருக்கின்றன. வகுப்பறை ஆங்கிலத்தில் ஓடும், வார்டில் படுத்திருக்கும் பாட்டி ஆங்கிலம் பேசமாட்டார். குவாங்சோவில் அந்தப் பாட்டி மாண்டரின்கூட ஒழுங்காகப் பேசமாட்டார், கண்டோனீஸ்தான். ஐந்தாவது வருடம் முழுக்க வார்டு வார்டாகச் சுற்ற வேண்டியிருக்கும்போது, வாய் பேச முடியாமல் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் பட்டத்தோடு திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

இங்கே என்றால் சுங்கை லோங்கில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம், நீலாயில் இன்டி, ஸ்கூடாயில் சதர்ன் பல்கலைக்கழகக் கல்லூரி, செப்பாங்கில் சியாமென் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் என்று இடங்கள் இருக்கின்றன. சியாமெனில் இந்தப் படிப்பு சீனத்திலேயே நடக்கிறது. உங்கள் மகளுக்கு நான் சொல்வது இதுதான்: இங்கே சேரட்டும், ஆனால் சீனாவில் உள்ள மருத்துவமனையில் நீண்ட பயிற்சிக்கு அனுப்புகிற கல்லூரியாகப் பார்த்துச் சேரட்டும். இந்த நாட்டுச் சட்டம், இந்த நாட்டு நோயாளி, இந்த நாட்டு ஆஸ்பத்திரி மாத்திரை இவற்றோடுதான் அவள் நாளைக்கு வேலை செய்யப் போகிறாள். சீனாவுக்கே போவதென்று முடிவானால் சேர்வதற்கு முன்பே அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் நம் சுகாதார அமைச்சில் பதிவுக்கு ஏற்றதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜெண்ட் வாயால் சொல்வதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். உள்ளூர்க் கல்லூரி என்றாலும் படிப்புகளின் தரம் பார்க்கும் எம்.கியூ.ஏ.வின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள், பி.டி.பி.டி.என். என்ற அரசுக் கல்விக் கடனுக்கும் அது வேண்டும். கல்லூரியைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது நூலகத்தையும் விளையாட்டு மைதானத்தையும் காட்டுவார்கள், நீங்கள் மருந்தறையைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மாணவர் வாரத்துக்கு எத்தனை நாள் கிளினிக்கில் உட்காருகிறார், ஒரு ஆசிரியருக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

வேலை பற்றி. அரசு மருத்துவமனைகளில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு 2007இல் கெப்பாலா பத்தாஸில் தொடங்கியது, நாட்பட்ட வலிக்கும் பக்கவாதத்துக்குப் பிந்தைய சிகிச்சைக்கும் அக்குபங்சர் செய்கிறார்கள், ஆனால் அங்கே இடங்கள் குறைவு. கோலாலம்பூர் துங் ஷின் போல, இலவச சீன மருந்தகமாகத் தொடங்கிப் பெரிய மருத்துவமனையாக வளர்ந்த இடங்களில் சீன மருத்துவப் பிரிவு இன்றும் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் ஒரு மூத்தவரிடம் சில வருடம் இருந்துவிட்டுத் தனியாகக் கிளினிக் போடுகிறார்கள். எம்.பி.பி.எஸ். முடித்தவருக்குக் கிடைக்கும் சம்பளத்தை ஆரம்பத்தில் எதிர்பார்க்க வேண்டாம். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டு மருத்துவராகக் காட்டிக்கொள்ளவும் முடியாது, புற்றுநோயை, நீரிழிவைக் குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்யவும் சட்டம் விடாது. விடக்கூடாது என்பதே என் கருத்தும். ஊசி சிகிச்சை நாட்பட்ட வலிக்கும் ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுப்பதற்கும் உதவுவதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன, எத்தனையோ மூலிகைக் கூட்டுகளுக்கு அப்படிப்பட்ட ஆய்வு இன்னும் இல்லை. இதை நோயாளியிடம் நேராகச் சொல்லத் தெரிந்தவளாக அவள் வர வேண்டும்.

யாருக்கு வைத்தியம் பார்ப்பாள் என்று அவள் அப்பா கேட்கிறார். முதலில் சீனர்கள் வருவார்கள், வந்து வாசலில் ஒரு நிமிடம் தயங்குவார்கள், "நீ சீனம் பேசுவியா?" என்று கேட்பார்கள். கிள்ளானில் என்றால் ஹொக்கியனில் கேட்பார்கள். பதில் அதே மொழியில் வந்துவிட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அடுத்த முறை அண்ணன் தம்பியையும் கூட்டிவருவார்கள். அப்புறம் நம் ஆட்கள். நம்மில் நீரிழிவு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். கால் மரத்துப்போனவருக்கு மூலிகைச் சூடு காட்டினால் சுடுவது அவருக்கே தெரியாது, கொப்புளம் வந்து புண்ணாகி ஆறாமல் கிடக்கும். அதிமதுரம் கலந்த கஷாயத்தை நாள்கணக்கில் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு தான்ஷென் என்ற மூலிகையைக் கொடுத்தால் ரத்தம் நிற்காமல் போகலாம். "கால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, ஆஸ்பத்திரில ஏதோ ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை குடுத்தாங்க" என்று ஒரு பாட்டி தமிழில் சொல்வதைக் கேட்டுப் புரிந்துகொள்கிற சீன மருத்துவர் இந்த நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

சித்தாவும் நல்ல படிப்புதான், அதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இந்தியப் பாரம்பரிய மருத்துவமும் இதே சட்டம் 775க்குள் வருகிறது. ஆனால் அதற்குப் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்குத்தான் போக வேண்டும், சென்னை அரசுக் கல்லூரியோ பாளையங்கோட்டைக் கல்லூரியோ, ஐந்தரை வருடம், செய்யுளில் இருக்கும் தமிழ். உங்கள் மகள் சீனத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள், பழந்தமிழ்ப் பாடல் படிப்பாளா என்று எழுதவில்லை. தமிழ்ப் பிள்ளை என்பதற்காக ஒரு படிப்பில் தள்ளிவிட்டு அவள் அங்கே ஒப்புக்குப் படித்தால் சித்தாவுக்கும் நல்லதில்லை.

சைவம் பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். ஆமாம், தேள் உண்டு, மண்புழு உண்டு, சில்வண்டு கழற்றிய தோல் உண்டு, கழுதைத் தோலைக் காய்ச்சிய பசை உண்டு. மருந்தறைப் பயிற்சியில் அவள் இவற்றைக் கையால் எடுத்துச் சின்னத் தராசில் நிறுத்துத்தான் ஆக வேண்டும், தேர்வில் உலர்ந்த துண்டைத் தட்டில் வைத்து இது என்ன என்று கேட்பார்கள், பதில் தெரிய வேண்டும். சாப்பிடச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. புலி எலும்பும் காண்டாமிருகக் கொம்பும் சீனாவிலேயே 1993இல் தடையாகிவிட்டன, எறும்புத்தின்னிச் செதிலையும் 2020இல் அரசு மருந்து நூலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெரும்பாலான கூட்டுகளில் இருப்பது வேரும் பட்டையும் பூவும்தான். தன் மருந்துச் சீட்டில் பிராணிப் பொருள் எழுதாமல் தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், பௌத்த சைவர்களான சீன நோயாளிகள் அவர்களைத் தேடி வருகிறார்கள். அவள் அந்த வழியைப் பிடிக்கலாம். தொடுவதே முடியாது என்றால் மட்டும் இப்போதே சொல்லிவிடட்டும். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் கிள்ளானில் ஒரு பழைய சீன மருந்துக் கடைக்காரரிடம் கேட்டு, ஒரு வாரம் அங்கே இழுப்பறைகளைத் திறந்து மருந்து கட்டிக் கொடுத்துப் பார்க்கட்டும்.